முற்றத்தை மறைத்த சுவர்

கடலலை அரண்மனை வாசல் வரைக்கும் வந்து போன காலத்திலே, புன்னைப்பட்டினம் என்ற துறைமுக நகரத்தைப் பரிதிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும். ஒருமுறை யானைகளுக்கெல்லாம் மஞ்சள் பூசச் சொன்னான். பூசி முடித்ததும், "இதுகளைப் பார்த்தால் கண் கூசுகிறது, கழுவுங்கள்" என்றான்.

அரண்மனைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெரிய முற்றம். ராஜாவின் பாட்டன் காலத்துக்கும் முந்தியது. படகுகள் கரைசேரும் இடமும் அதுதான், வலை உலர்த்தும் இடமும் அதுதான். கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துப் பெண்கள் அங்கேயே புன்னை மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

சபையிலே விடங்கராயர் என்றொரு பிரபு இருந்தார். மந்திரி அறவாழியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் அவர் எழுந்து, "மகாராஜா, மற்ற தேசத்து ராஜாக்களின் முற்றம் பால்போல் வெளுத்துக் கிடக்கிறது. நம் முற்றத்திலோ கருவாட்டு வாடை. சுற்றிலும் உயரமாகச் சுவர் எழுப்பி, தரையெல்லாம் வெள்ளையாக்கி, யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஆணையிட்டால் எப்படி இருக்கும்?" என்றார்.

ராஜாவுக்கு அது அப்படியே பிடித்துப்போயிற்று. "அறவாழி, நீர் என்ன சொல்கிறீர்?"

"அங்கே காத்திருக்கிற ஜனங்கள் எங்கே போவார்கள் மகாராஜா?"

"பார்த்தீர்களா, எதற்கெடுத்தாலும் ஒரு முட்டுக்கட்டை" என்றார் விடங்கராயர். "இவரால் முடியாது என்றால் மந்திரி பட்டத்தைக் கழற்றி வைக்கட்டும். நான் செய்து காட்டுகிறேன்."

ராஜா கடல்பூஜைக்காகத் தீவுக்குப் புறப்படுகிற சமயம் அது. "நான் திரும்பி வருவதற்குள் முற்றம் விடங்கராயர் சொன்னபடி மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டம் அவருக்கு" என்று சொல்லிவிட்டான்.

அறவாழி கைகூப்பினார். "ஒரே ஒரு சந்தேகம். யாரும் என்றால், யாருமேவா?"

"யாருமேதான்" என்றார் விடங்கராயர். ராஜாவும் தலையசைத்தான்.

ராஜா போனதும் அறவாழி வேலையை ஆரம்பித்தார். கல்சுவர் எழுப்ப நாள் ஏது? மூங்கில் நட்டு, ஓலைத்தட்டி கட்டி, மேலே சுண்ணாம்பு அடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் சுவர்தான். தரையிலும் சுண்ணாம்பு. வாசலில் ஈட்டியோடு ஒரு காவலன்.

ராஜாவின் படகு திரும்பி வந்தது, அவனோடு தீவுக்குப் போயிருந்த விடங்கராயரும் அதில் இருந்தார். எப்போதும் ராஜா வரும்போது பெண்கள் குலவையிடுவார்கள், ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடிப்பார்கள். ராஜாவுக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கோ வெள்ளைச் சுவர் மட்டும் நின்றது. ஆள் அரவமே இல்லை.

"ஜனங்கள் எங்கே?" என்றான் ராஜா.

படகோட்டி மெல்லச் சொன்னான்: "மகாராஜா, அந்தப் புன்னை மரங்களைப் பார்த்துத்தான் நாங்கள் வழி பிடிப்போம். இப்போது ஒன்றும் தெரியவில்லை." சொல்லி வாய் மூடுமுன் படகு சேற்றில் தட்டி நின்றது. கயிறு பிடிக்கக் கரையில் ஆள் இல்லை. ராஜா முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தான். பின்னாலேயே விடங்கராயர், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

கடல்பக்க வாசலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். "மன்னிக்க வேணும் மகாராஜா. யாருமே கால் வைக்கக் கூடாது என்பது ராஜாணை."

சுவருக்கு வெளியே, சேற்றிலேயே அறவாழி நின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன விளையாட்டு?" என்றான் ராஜா கோபமாக.

"விளையாட்டு இல்லை. ஆணைப்படிதான் செய்தேன். நானும் உள்ளே போகவில்லை, பாருங்கள்."

ராஜாவின் கோபம் இறங்கி, முகம் வாடியது. "போகட்டும். நான் வருவது தெரிந்தும் ஒருவர்கூட வரவில்லையே அறவாழி."

"தட்டியை விலக்கச் சொல்லட்டுமா?"

ராஜா தலையசைத்தான். கடல்பக்கத் தட்டியும் எதிர்ப்பக்கத் தட்டியும் சரிந்தன.

முற்றத்துக்கு அப்பால், அரண்மனையை ஒட்டிய தெரு முழுக்க ஜனங்கள். கையில் பூத்தட்டு, செம்பில் தண்ணீர். ராஜாவைச் சேற்றோடு பார்த்ததும் ஆணையை யார் நினைத்தார்கள்? மிச்சத் தட்டியையும் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கைகொடுத்தார்கள். சங்குமணி என்ற மீன்காரப் பெண் அவன் காலில் தண்ணீர் ஊற்றினாள்.

"காலையிலிருந்து இங்கேதான் நிக்கிறோம் ராசா" என்றாள். "சுவரு மறைச்சதால உங்களுக்குத் தெரியலை. படகு தெரியாம நாங்களும் தவிச்சுப் போனோம்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகக் காத்திருக்கிறவர்களையா வெளியே தள்ளப் பார்த்தேன்" என்றவன், அவள் கையிலிருந்த செம்பை வாங்கி மிச்சத் தண்ணீரைக் குடித்தான். அறவாழியின் தோளில் தன் சால்வையைப் போர்த்தினான்.

முற்றம் மாறத்தான் செய்தது, ஆனால் வேறு விதமாக. சங்குமணியையும் படகோட்டிகளையும் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். கடல்வரைக்கும் அகலமான படிக்கட்டு, வலை உலர்த்தக் கல்தூண்கள், இன்னும் நிறையப் புன்னைக் கன்றுகள், நிழலில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அந்தப் பந்தலில் பானை காலியாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை விடங்கராயருக்கு. சபையே சிரித்தது. அவரும் தலை குனிந்தபடி போய் நின்றார்.

ஐப்பசியில் ஒரு பெரும்புயல். விடங்கராயரின் தம்பி போன கப்பல் சொன்ன நாளில் வரவில்லை. அவர் முற்றத்துக்கு வந்தார். படியெல்லாம் பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் தயங்கினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கடி, ஐயா உக்காரட்டும்" என்றாள் சங்குமணி.

அவர் உட்கார்ந்தார். யாரும் பழசைப் பேசவில்லை. பொழுது சாயும் நேரத்தில் சங்குமணிதான் முதலில் கப்பல் பாயைப் பார்த்துக் கைநீட்டினாள். மரங்களைக் குறிவைத்துக் கப்பல் நேராகக் கரைக்கு வந்தது. தம்பி படியேறி வந்ததும் விடங்கராயர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிறகு திரும்பி, தனக்கு இடம் விட்ட அந்தப் பெண்கள் எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். அவர் யாருக்கும் கைகூப்பி அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.