அணைந்து எரியும் வாசல் விளக்கு

பாபநாசத்து மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். மாசிலாமணி அங்கே வந்து ஒரு வருஷமாகப் போகிறது. பாளையங்கோட்டையில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவர். ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபின் அவருக்கும் மனைவி செண்பகவடிவுக்கும் இடையில் பேச்சு நின்றுபோனது. சண்டை என்று ஒன்றும் இல்லை. எதைப் பேசினாலும் மகளிடம்தான் போய் முடியும் என்று இருவருக்கும் பயம். ஒருநாள் கடையை மூடிவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் விட்டு வந்தவர் செல்போனை மட்டும் விடவில்லை. கிளம்புமுன் வீட்டு சுவிட்சுகளுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் வைஃபை பெட்டிகளைப் பொருத்தியிருந்தார். எங்கிருந்தாலும் செல்போனில் விரலை வைத்தால் வீட்டில் விளக்கு எரியும். வீட்டில் யாராவது சுவிட்சைத் தட்டினால் அதுவும் திரையில் தெரியும். தையல் வேலை முடிந்து வருகிற செண்பகவடிவு இருட்டு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று, தினமும் அந்தி நேரத்தில் வாசல் விளக்கைப் போட்டுவிடுவார். அதில் பாசமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வைகாசி விசாகத்தன்று மடத்துக் குரு அவருக்குக் காஷாயம் கொடுத்துத் துறவியாக்குவதாக இருந்தது. அதற்குச் சில நாட்களே இருக்கும்போது குருவிடம் போய் நின்றார்.

“சாமி, வீடு வரைக்கும் போய்ட்டு வந்துருதேன். வாசல் விளக்குல பழுது.”

“என்ன பழுது?”

“நான் போட்டா எரியுது. கொஞ்ச நேரத்துல தானா அணையுது. உடனே தானா எரியுது. மாசக்கணக்கா தெனமும் இதே கூத்துதான். பெட்டி கெட்டுப்போச்சு. அதை மாத்திட்டேன்னா நிம்மதியாக் காவி கட்டிக்கிடுவேன்.”

“வீட்டுல சம்மதம் கேட்டியாய்யா?”

“மடத்துக்குப் போறேன்னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லலை. சரின்னுதான அர்த்தம்?”

குரு அவர் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். “இன்னைக்கு விளக்கைப் போடாத. சாயங்காலம் என் பக்கத்துல வந்து உட்காரு,” என்றார்.

“அவ இருட்டுலல்லா வருவா, சாமி.”

“வரட்டும்.”

சாயங்காலம் இருவரும் ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். செல்போன் நடுவில் கிடந்தது. மடத்தில் பூஜை மணி அடித்து ஓய்ந்தது. வழக்கமாக விளக்குப் போடும் நேரம். மாசிலாமணியின் விரல் சும்மா இருக்க மாட்டேன் என்றது. குரு ஒரு பார்வை பார்த்தார். விரல் மடங்கிக்கொண்டது.

நன்றாக இருட்டிவிட்டது. திரையில் வாசல் விளக்கு அணைந்தே இருந்தது.

“இந்நேரம் வந்திருப்பா. பூட்டைத் தடவிக்கிட்டு நிப்பா,” என்றார் மாசிலாமணி.

அப்போது விளக்கு எரிந்தது.

“பாத்தியளா சாமி, நான் தொடவே இல்ல.”

சொல்லி முடிக்குமுன் அணைந்தது. எரிந்தது. அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. மற்ற நாட்களில் ஒரே தடவையோடு நிற்பது இன்று நிற்பதாயில்லை.

மாசிலாமணி குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். எத்தனையோ பெட்டிகளைக் கழற்றி மாட்டிய மனிதர் அவர். கெட்டுப்போன பெட்டி இப்படிக் காத்திருந்து காத்திருந்து எரியாது என்பது அவருக்குத் தெரியும்.

“பெட்டி கெடலை, சாமி. அது அவ கை.” திரையைத் தொட்டுக் காட்டினார். “தெனமும் நான் போட்டதும், வந்து பாத்துட்டேன்னு சொல்ல அணைச்சுத் திரும்பப் போட்டிருக்கா. நான் அதைப் போய்ப் பழுதுன்னு நெனச்சுட்டேன்.”

“இன்னைக்கு என்ன சொல்லுதா?”

“உயிரோட இருக்கியளான்னு கேக்கா.”

மகள் செத்த அன்று அழாதவர் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். குரு தடுக்கவில்லை. அழுகை அடங்கியதும், “போடு. பயந்துபோயிருப்பா,” என்றார்.

மாசிலாமணி விரலை வைத்தார். விளக்கு எரிந்தது. ஒருமுறை அணைந்து எரிந்தது. அப்புறம் அப்படியே நின்று எரிந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பதில் சொல்லியாச்சு சாமி. இனிமே அவ மனசு ஆறிரும்.” சற்றுத் தயங்கினார். “அப்ப விசாகத்துக்குக் காஷாயம்?”

குரு செல்போனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“பாளையங்கோட்டைக்கு பஸ் இருக்கு. போய் வாயைத் திறந்து அவகிட்ட கேளுய்யா.”