மூடாத ஒரு சுற்று

"காத்தை நிறுத்துன்னு சொல்றியேம்மா, உள்ள இருக்கிற உசிரெல்லாம் என்ன பாடுபடும்?" என்று கேட்டார் அஞ்சப்பன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. காலமெல்லாம் கண்மாயில் வலை வீசியவர். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் எஸ்தருக்கு முப்பது.

"ரெண்டு மணி நேரம் தொட்டிக்குள்ள காத்து விடணும். ரெண்டு மணி நேரம் நிறுத்தணும். அவ்வளவுதாண்ணே."

"காத்து இல்லாம மீன் வாயைப் பிளக்கிறதை நீ பாத்ததில்ல."

"இது மீன் இல்லண்ணே. கழிவைத் தின்னுற, கண்ணுக்கே தெரியாத கிருமி."

"உசிருதானே?"

நிலையத்துத் தண்ணீர் கண்மாய்க்குத்தான் போகிறது. நாற்றம் போய்விட்டது. ஆனால் கண்மாய் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடக்கிறது. விடியற்காலையில் கெண்டைகள் வெள்ளை வயிறு காட்டி மிதக்கின்றன. அங்கே இப்போது வலை வீசுகிறவன் அஞ்சப்பனின் தம்பி. இன்னும் பத்து நாளில் ஒரு மீன்கூட மிஞ்சாது என்று நேற்று அண்ணனிடம் வந்து அழுதான்.

"காத்து விட்டா நாத்தம் போயிருது. ஆனா நாறுன அந்தச் சத்து உப்பா மாறித் தண்ணியிலயே கிடக்கு. வயலுக்குப் போடுற உப்பு மாதிரி. பாசிக்கு அதுதான் சோறு. ராத்திரியில பாசி தண்ணியில இருக்கிற காத்தைக் குடிச்சிருது, மீன் சாகுது" என்றாள் எஸ்தர். "காத்தை நிறுத்தினாத்தான் அந்த உப்பு போகும். நாமதான் நிறுத்துறோமே, அப்புறமும் ஏன் போகமாட்டேங்குதுன்னு எனக்குப் புரியல."

அஞ்சப்பனின் பார்வை காற்றுக்குழாய் வால்வின் பக்கம் போய் வந்தது.

தினமும் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் மொண்டு வைப்பார்கள். அரை மணி நேரத்தில் எவ்வளவு சேறு அடியில் தங்குகிறது என்று பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுவார்கள். அன்றும் அஞ்சப்பன் கொட்டப் போனார்.

"இருக்கட்டும்ணே. இன்னைக்குப் பக்கத்துல உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. சேறு அசையவே இல்லை.

"செத்துப்போச்சும்மா." குடுவையைக் குலுக்க எழுந்தவரின் கையை எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சேற்றிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. கடுகளவுதான் இருக்கும். பின்னாலேயே இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. அடியில் கிடந்த சேறு மொத்தமும் மெல்ல எழும்பி மேலே வந்து நின்றது.

அஞ்சப்பன் தன்னை அறியாமல் கைகூப்பினார்.

"வெளிக்காத்து இல்லேன்னா அந்த உப்புக்குள்ள இருக்கிற மூச்சை உருவிக் குடிக்குதுண்ணே. மிச்சம்தான் இந்தக் குமிழி."

"யாரும்மா இதுகளுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"தெரியலண்ணே."

அஞ்சப்பன் குடுவையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"எம்மா, காத்து வால்வை நான் ஒருநாளும் முழுசா மூடினதில்ல. பாவமேன்னு ஒரு சுத்து விட்டு வச்சிருவேன்."

"அந்தக் கொஞ்சக் காத்து கிடைக்கவும் அதுக உப்பைத் தொடலண்ணே" என்றாள் எஸ்தர். திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அஞ்சப்பன் போய் அந்த ஒரு சுற்றையும் மூடினார். சலசலத்துக்கொண்டிருந்த தொட்டி அடங்கியது. தொட்டியோரக் கம்பியைப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் நின்றார்.

"நீங்க மூச்சு விடுங்கண்ணே" என்றாள் எஸ்தர்.

மூச்சை அடக்கியிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. விட்டார். பிறகு நெஞ்சு நிறைய இழுத்தார்.

"அந்தக் குமிழி உடைஞ்சு எங்கம்மா போகுது?"

"இப்ப இழுத்தீங்களே, அந்தக் காத்துலதான்."