மாடக்கண்ணுவுக்கு மரியாதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பக்கத்து நாட்டில் எது முளைத்தாலும் மறுநாளே அது தன் நாட்டிலும் முளைத்தாக வேண்டும் அவருக்கு. பக்கத்து ராஜா யாரோ ஒரு பெரிய மனிதருக்கு நினைவு மண்டபம் கட்டுகிறார் என்று ஒற்றன் வந்து சொன்னதுதான் தாமதம், "நாமும் ஒன்று எழுப்ப வேண்டும். யாருக்கு எழுப்பலாம்?" என்று சபையைக் கேட்டார்.

"மாடக்கண்ணுவுக்கு, மகாராஜா" என்றான் அரசவை விகடன் வேம்பையன்.

மாடக்கண்ணுவைத் தெரியாதவர் அங்கே யாருமில்லை. முன்பெல்லாம் அந்த ஊர் ராஜவீதியில் பிரபுக்கள் மட்டுமே செருப்போடு நடக்கலாம். மற்றவர்கள் வீதி முனையிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற கல்லில் தத்தித் தத்திப் போக வேண்டும். கூடை முடைகிற மாடக்கண்ணு ஒருநாள் கழற்றாமல் நடந்தார். கசையடி கொடுத்தார்கள். மறுநாளும் நடந்தார். அவர் பின்னால் பத்துப் பேர் நடந்தார்கள், அப்புறம் நூறு பேர். கசைக்காரன் கை ஓய்ந்துபோய், அப்போதிருந்த ராஜா அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார். வேம்பையனும் அந்தக் கல்லில் உள்ளங்கால் வெந்தவன்தான். போன மாதம் மாடக்கண்ணு இறந்தபோது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. ஆனால் கஜானா? யானைகள் குளிக்கப் பளிங்கில் குளம் கட்டியதில் அது துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"பிரபுக்களிடம் நிதி திரட்டி வா" என்று வேம்பையனை அனுப்பினார். ஏழு நாள் படியேறி இறங்கினான். ஒருவருக்கு மகள் கல்யாணமாம். இன்னொருவருக்கு மூட்டுவலியாம், எழுந்து பெட்டியைத் திறக்க முடியவில்லையாம். கிடைத்ததெல்லாம் வெற்றிலை பாக்கு.

எட்டாம் நாள் பொக்கிஷ அதிகாரி அனந்தபூபதி ஆயிரம் பொன்னோடு சபைக்கு வந்தார். அவர் பின்னாலேயே மற்ற பிரபுக்களும் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். வேம்பையன் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

"மகாராஜா, மண்டபம் எதற்கு?" என்றார் அனந்தபூபதி. "மாடக்கண்ணு நடந்த ராஜவீதியையே, இருபுறத்து மனைகளையும் சேர்த்து, நினைவிடமாக அறிவித்துவிடுங்கள். புனித இடத்துக்குரிய எல்லா மரியாதையும் அங்கே நடக்கட்டும். புனித இடத்தில் யாரும் செருப்போடு நடக்கலாகாது அல்லவா? நாங்களும் கழற்றிவிடுகிறோம். அதை மேற்பார்க்க நம் வேம்பையனே தக்கவர்."

பல்லக்கில் போகிறவருக்குச் செருப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! மனைகளைச் சேர்த்ததிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. புனித இடத்துக்கு வீட்டுவரி கிடையாது. பொன்னைப் பார்த்த பூரிப்பில் ராஜா எதையும் யோசிக்காமல் ஓலையில் முத்திரை குத்திவிட்டார்.

மனிதர் போய்ச் சேர்ந்ததும் அவர் பெயரைச் சொல்லியே அவர் வாங்கித் தந்ததைப் பிடுங்கிவிட்டார்களே என்று வேம்பையனுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. வெளியே மட்டும் சிரித்துக் கும்பிட்டான். "எல்லா மரியாதையும் என்றுதானே ஓலையில் இருக்கிறது? ஒன்றுகூடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்."

மறுநாள் காலை நாலு காவலரோடு அனந்தபூபதியின் வீட்டுக்குள் நுழைந்தான். அவர் ஊஞ்சலில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"ஐயோ, புனித இடத்தில் காலை நீட்டலாமா? மடக்குங்கள்!"

"இது என் வீடப்பா!"

"நேற்றுவரை, ஐயா. இன்று நினைவிடம். உள்ளே என்ன வாசனை? ஆட்டுக்காலா? சிவசிவா! சட்டியைத் தூக்குங்களப்பா. வாயில் என்ன, தாம்பூலமா? தெரு முனைக்குப் போய்த் துப்பிவிட்டு வாருங்கள்."

"பல்லக்கைக் கொண்டு வாருங்கள், இப்போதே ராஜாவிடம் போகிறேன்!"

"கோயிலுக்குள் யாராவது பல்லக்கில் போவார்களா? நடந்துதான் போக வேண்டும், வெறுங்காலோடு."

அந்தக் காலைக்குள் ராஜவீதியில் ஒரு வீட்டிலும் அடுப்பில் கறி இல்லை, கட்டிலில் மெத்தை இல்லை, வாயில் வெற்றிலை இல்லை. ஆனால் ஜனங்களும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேம்பையனை முறைத்தபடி போனார்கள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் தலையைக் குனிந்துகொண்டே காவல் நின்றான்.

மூன்றாம் நாள் பிரபுக்கள் பாதமெல்லாம் கொப்பளித்து, நொண்டிக்கொண்டே சபைக்கு வந்து விழுந்தார்கள். "ஓலையைக் கிழித்துவிடுங்கள், மகாராஜா! வீட்டுவரியைக்கூடக் கட்டிவிடுகிறோம்!"

"ஓ, வரிக்காகத்தான் மனைகளைச் சேர்த்தீர்களா? அதை இரட்டிப்பாகக் கட்டுங்கள். ஆனால் நான் குத்திய முத்திரையை நானே அழித்தால் ஊர் சிரிக்காதா?"

"அழிக்க வேண்டாம், மகாராஜா" என்றான் வேம்பையன். "பெருமாளுக்குத் துளசி, கருப்பசாமிக்குச் சுருட்டு. அவரவருக்குப் பிடித்ததைச் செய்வதுதானே மரியாதை? மாடக்கண்ணுவுக்கு எது பிடிக்கும் என்று அவர் மனைவியையே கேட்டுவிடலாம்."

மாடக்கண்ணுவின் மனைவி சொர்ணக்கிளியை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாள் சபையைப் பார்த்து மிரளவில்லை.

"மகராசா, எங்க குடிசை ராஜவீதி முனையிலதான் இருக்கு. அவுக படுத்த படுக்கையாக் கெடந்தப்பகூட, சனங்க நடந்து போற செருப்புச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் கெடந்தாக. அது நின்னு மூணு நாளாச்சு. அவுகளுக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தச் சத்தத்தத் திருப்பிக் குடுங்க."

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "இந்த நினைவிடத்தில் மரியாதை என்பது செருப்பு அணிந்து நடப்பதுதான். அணியாமல் யாரும் காலை வைக்கக் கூடாது. வேறெந்தக் கட்டுப்பாடும் இல்லை" என்று உத்தரவிட்டார்.

"செருப்பே இல்லாத ஏழைகள் என்ன செய்வார்கள்?" என்று அனந்தபூபதி மெல்லக் கிளப்பினார்.

"நல்ல வேளை, நினைவுபடுத்தினீர்கள்!" என்றான் வேம்பையன். "நீங்களெல்லாம் தந்த பொன் அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் தைத்துக் கொடுத்துவிடலாம்."

அனந்தபூபதிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "முதலில் நிதி தந்தவன் பெயரையாவது பொறிக்க வேண்டாமா? நினைவிடமென்றால் அது முறை அல்லவா?"

"நியாயம்தான்" என்றார் ராஜா.

"அழகாகப் பொறித்துவிடுகிறேன்" என்றான் வேம்பையன்.

பௌர்ணமிக்கு முன்னால் செருப்புகள் தயாராயின. முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டு சொர்ணக்கிளி ராஜவீதியில் நடந்தார். அவர் பின்னால் ஊரே நடந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வேம்பையன் எல்லோர் முன்னாலும் விம்மி விம்மி அழுதான்.

ராஜா மட்டும் கல்மேல் படிந்திருந்த புழுதியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொர்ணக்கிளி வைத்த ஒவ்வொரு அடியிலும் ஏதோ எழுத்து பதிந்திருந்தது. செருப்பின் அடித்தோலில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கியிருந்தான் வேம்பையன். ராஜா எழுத்துக்கூட்டிப் படித்தார். 'அனந்தபூபதி' என்றிருந்தது. அடுத்த அடியிலும் அனந்தபூபதி. வீதியின் கடைசிவரை அனந்தபூபதிதான்.

ராஜா தலைப்பாகை அவிழ்ந்து விழுகிறவரை சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பையனுக்குப் போட்டுவிட்டு, தானும் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார்.