முப்பத்தெட்டாவது புட்டி

"எரியாத எண்ணெய் ஒண்ணு செய்ய முடியுமா மேடம்?"

கேட்டவருக்கு வயது நாற்பத்தெட்டு. பெயர் வேதமுத்து. எதிரே உட்கார்ந்திருந்த செண்பகவல்லி அவரைவிடப் பதினோரு வயது இளையவர். விமான எண்ணெய்களை ஆராயும் ஒரு சின்னக் கூடத்துக்குத் தலைவி.

வேதமுத்து இருபது வருடம் விமானங்களுக்குப் பிரேக் பார்த்தவர். விமானியின் கால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோவது மெல்லிய குழாய்களில் இருக்கும் எண்ணெய்தான். ஒரு நாள், தரையிறங்கி வந்து நின்ற விமானத்தில் அப்படியொரு குழாய் வெடித்தது. கொதித்துக்கொண்டிருந்த பிரேக்கின் மேல் எண்ணெய் பீய்ச்சி அடித்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் சக்கரத்தைச் சுற்றி நெருப்பு.

அடியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த மாசிலாமணியைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தது வேதமுத்துதான். மாசிலாமணி பிழைத்துக்கொண்டார். கைகள் மட்டும் பழையபடி ஆகவில்லை.

மறுமாதமே வேதமுத்து வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்.

"தண்ணி எரியாது," என்றார் செண்பகவல்லி. "அதையே ஊத்திடலாமே?"

"மேலே போனா உறைஞ்சுடும். உள்ளே கிடந்தா துருப்பிடிக்கும்."

"அப்போ எரியாம இருந்தா மட்டும் போதாது."

"போதாது மேடம்."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

வந்தார். எட்டு மாதம் விடாமல் வந்தார்.

செண்பகவல்லி பாஸ்பரஸ் சேர்ந்த திரவங்களை ஒவ்வொன்றாகக் கலந்து புட்டியில் அடைத்து, எண் போட்டுக் கொடுப்பார். வேதமுத்து அதை முதலில் பனிப்பெட்டியில் வைத்து ஓடுகிறதா என்று பார்ப்பார். பிறகு பின்கட்டுக்குக் கொண்டுபோய், பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் ஊற்றி பர்னர் சுடரைக் காட்டுவார். பற்றியதும் உடனே அணைத்துவிட்டு வந்து நோட்டில் எழுதுவார்.

எரிந்தது.

எரிந்தது.

எரிந்தது.

எழுபத்தொன்றாவது புட்டிக்கும் அதையே எழுதிவிட்டு, அவர் செண்பகவல்லியின் மேஜைமேல் ஒரு விலகல் கடிதத்தை வைத்தார்.

"என்னால ஆகலை மேடம். எல்லாமே பத்திக்குது. மன்னிச்சுடுங்க."

செண்பகவல்லி கடிதத்தைப் பிரிக்கவில்லை.

"இத்தனையில எது உங்க மனசுக்குப் பிடிச்சது?"

"முப்பத்தெட்டு. அந்தக் குளிர்லயும் நல்லா ஓடுச்சு."

"எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

பின்கட்டுக்குப் போனார்கள். வேதமுத்து தட்டைக் காய வைத்தார். முப்பத்தெட்டை ஊற்றினார். சுடரைக் காட்டினார்.

பற்றிக்கொண்டது.

அடுத்த கணம் அவர் கை தீயணைப்பு உருளைமேல் இருந்தது. தன் கை அங்கே போனது அவருக்கே தெரியாது.

செண்பகவல்லி அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க மேடம்."

"பர்னரை மட்டும் தள்ளுங்க."

"எரியுது மேடம்."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பர்னரைத் தள்ளுங்க."

இன்னொரு கையால் தள்ளினார்.

தட்டின் மேல் தீ ஒருமுறை நிமிர்ந்தது. பக்கவாட்டில் சாய்ந்தது. ஓரம் ஓரமாகச் சுருங்கியது. பிறகு இல்லை. கொஞ்சம் புகை மட்டும் இருந்தது.

வேதமுத்து தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழைய எண்ணெயை ஊத்துங்க," என்றார் செண்பகவல்லி.

விமானங்களில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த சிவப்பு எண்ணெயை வேறொரு தட்டில் ஊற்றினார்கள். அதுவும் பற்றியது. பர்னரைத் தள்ளியும் எரிந்தது. பொறுத்துப் பார்த்தார்கள். தட்டில் சொட்டு மிச்சமில்லாமல் போகும்வரை எரிந்தது.

"முப்பத்தெட்டு எப்பவும் இப்படித்தான் அணையுமா மேடம்?"

"தெரியாது. இதுவரைக்கும் யாரும் காத்திருந்து பார்க்கலையே."

வேதமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"உங்க நோட்டைத்தான் படிச்சேன். எரிந்ததுன்னு இருந்துச்சு, நம்பிட்டேன். பக்கத்துல வந்து நின்னது இன்னைக்குத்தான். அது என் தப்பு."

அதைச் சொல்லிவிட்டு, அவரும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அதோடு முடிந்துவிடவில்லை. முப்பத்தெட்டு ரப்பர் வளையங்களை ஊறவைத்து உப்ப வைத்தது. பட்ட இடத்தில் பெயின்ட்டை உரித்தது. ஒருமுறை கண்ணில் தெறித்து, எரிச்சலில் வேதமுத்து அரை நாள் குழாயடியில் நின்றார். அதைத் தாங்கும் ரப்பரைத் தேடி ஒன்றரை வருடம் போனது. மறுபடி ஒரு தரம்கூட அவர் விலகல் கடிதம் எழுதவில்லை.

ஒருவழியாக அது விமானங்களுக்குள் போனது.

அடுத்த வருடம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து ஒரு அறிக்கைத் தாள் வந்தது. வேதமுத்து அதைப் படித்தார். செண்பகவல்லியின் அறைக்குக் கொண்டுபோய் நின்றுகொண்டே உரக்கப் படித்தார்.

"தரையிறங்கும்போது இடப்பக்க பிரேக் குழாய் வெடித்தது. திரவம் சூடான பிரேக்கில் தெறித்தது. சிறு தீ, தானே அணைந்தது. குழாய் மாற்றப்பட்டது. மாலையில் அதே விமானம் புறப்பட்டது."

படித்து முடித்தும் தாளை மடிக்கவில்லை.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை மேடம்."

"அதுல எத்தனை பேர் இருந்தாங்க?"

வேதமுத்து தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"போடலையே."

"ஏன் போடலை?"

வேதமுத்து தாளின் முதல் வரிக்கு விரலை நகர்த்தினார். அவர் பிரேக் பார்த்த காலத்தில் தீ விபத்தைப் பற்றி இப்படி எத்தனையோ தாள்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் செத்தவர் எத்தனை, பிழைத்தவர் எத்தனை என்ற ஆள்கணக்குத்தான் முதல் வரி.

தாளோடு சேர்த்துக் கைகளைக் கூப்பினார். கண் நிறைந்துவிட்டது.

"எண்ண வேண்டி வரலை மேடம்."