குதிரையைத் திருடியவன் கையில் கடிவாளம்

குளத்துத் தண்ணீருக்காகக் குதிரைகள் ஓடிய காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில் ஆலங்கரை என்னும் சிறு நாட்டைத் தென்னவராயன் என்ற தலைவன் ஆண்டுவந்தான். பக்கத்து நாட்டை ஆண்டவன் கண்டியதேவன். இரண்டு நாட்டுக்கும் நடுவே, நாற்புறமும் கரை கட்டிய பெருங்குளம் ஒன்று. நிரம்பினால் இரண்டு நாடும் சோறு உண்ணும். பாதி நிரம்பினால் ஒரு நாடுதான் உண்ணும்.

எந்த நாடு? அதற்காக வெட்டிக்கொண்டு சாவதைவிடக் குதிரை ஓட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முன்னோர்கள் வழக்கம் வைத்திருந்தார்கள். நாட்டுக்கு ஒரு குதிரை. கரைமேல் மூன்று சுற்று. தலைவனே ஏறலாம், தலைவன் கைகாட்டிய ஆளும் ஏறலாம். ஜெயித்த நாட்டின் மடைதான் முதலில் திறக்கும்.

தென்னவராயனிடம் ஒரு பெண்குதிரை இருந்தாள். பெயர் சாமை. ஈன்றதும் தாய் செத்துப்போகவே, சாமைக் கஞ்சி காய்ச்சித் தன் கையாலேயே ஊட்டி வளர்த்தான். அதுவே பேராகிவிட்டது. வேறு யாரையும் அவளைக் குளிப்பாட்ட விடமாட்டான், புல் போட விடமாட்டான், ஏற விடவே மாட்டான். "தன் கையே தனக்குதவி" என்பான். நல்ல பழமொழிதான், யார் இல்லை என்றது?

ஆனாலும் இரண்டு வருஷம் தோற்றான். இரண்டு முறையும் ஒரே இடத்தில். மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கரையை வெட்டிக் கல் பாவி வைத்திருப்பார்களே, கலிங்கு, அந்த இடத்தில்தான். மூன்று ஆள் நீளப் பள்ளம் அது. கண்டியதேவன் தன் குதிரையைத் தாண்ட விடுவான். தென்னவராயனோ கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, பள்ளத்தில் இறக்கி, பதனமாக மேலே ஏற்றுவான். அவள் கால் ஒடிந்துவிட்டால்? அந்தப் பயந்தான் அவனுக்கு.

இரண்டு வருஷம் வயல் காய்ந்தது. இந்த முறையும் தோற்றால் ஊரைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை என்று குடியானவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

பந்தயத்துக்கு முதல் நாள். தென்னவராயன் கரைமேல் சாமையை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கரையடியில், குற்றவாளிகளைப் பூட்டிவைக்கும் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். உடும்பன் என்று பேர். குதிரைத் திருடன். போன மாதம் ஊரே தேர் இழுக்கப் போயிருந்தபோது, பட்டப்பகலில் சாமையையே ஓட்டிக்கொண்டு போனவன். எப்படி அகப்பட்டான் தெரியுமா? வழியில் விளைந்து நின்ற சாமைக் கொல்லை ஒன்றைக் கண்டாள் அந்த மகராசி. தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தவள்தான், இடியே விழுந்தாலும் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

தலைவன் கலிங்கில் அவளை இறக்கி ஏற்றுவதைப் பார்த்து உடும்பன் சிரித்தான்.

"எதற்கடா சிரிப்பு?" என்று கேட்டான் தென்னவராயன்.

"கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. இந்தக் கலிங்கை ஒரே தாவலில் தாண்டியவள் இவள். தேரை விட்டுவிட்டு உங்கள் ஆட்கள் துரத்தி வந்தார்களே, அன்றைக்கு. பயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவள் மூடவில்லை. நம்பாவிட்டால் அந்தக் கரையில் போய்ப் பாருங்கள்."

போய்ப் பார்த்தான். காய்ந்த சேற்றில் நான்கு குளம்படிகள். பின்னங்கால் குளம்பில் ஒரு கீறல். அவன் கைபட்டு வளர்ந்த குளம்பு, அவனுக்குத் தெரியாதா? கலிங்கின் விளிம்பைத் தாண்டி இன்னும் ஓர் ஆள் நீளம் தள்ளிப் பதிந்திருந்தன அந்த அடிகள். தென்னவராயனுக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

அப்படியானால் நானே தாண்டுகிறேன் என்று ஏறினான். முதல் முறை விரட்டி வந்தான். கலிங்கு வந்தது, கை இழுத்தது. இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். கலிங்கு வந்தது, கை இழுத்தது. மூன்றாம் முறை குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு வந்தான். கலிங்கு வந்தது, கை இழுத்தது. கஞ்சி ஊட்டிய கை அல்லவா? புத்தி சொன்னால் கேட்குமா அது?

இறங்கினான். வெகுநேரம் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு தொழுமரத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு உடும்பனைப் பார்த்தான். "நாளைக்கு நீ ஏறு."

உடும்பனுக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, கலிங்குக்கு அந்தப் பக்கம் காட்டுப் பாதை பிரிகிறது. நான் யார் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா?"

"தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏறு."

ஊர் சும்மா இருக்குமா? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டார் நம் தலைவர் என்று தலையில் அடித்துக்கொண்டது. மறுநாள் பந்தயத்துக்கு வந்த கண்டியதேவனும் விடவில்லை. "தென்னவராயரே, தண்ணீர் எனக்கு, குதிரை திருடனுக்கு. உமக்கு என்ன மிச்சம்?" என்றான். தென்னவராயன் கடிவாளத்தை உடும்பன் கையில் கொடுத்தான்.

முரசு அதிர்ந்தது. குதிரைகள் கிளம்பின.

முதல் சுற்று. கலிங்கு வந்தது. கூட்டத்தோடு நின்ற தென்னவராயனின் கை வெறுங்காற்றை இழுத்தது. கடிவாளம் அந்தக் கையில் இல்லையே. சாமை எழும்பினாள். முன்னங்கால் மடங்கி, பிடரி விரிந்து, அவள் வயிற்றுக்கு அடியில் வானம் தெரிந்தது. காட்டுப் பாதையைக் கடந்து அவள் கரையோடு திரும்பிய பிறகுதான் ஊருக்கு மூச்சு வந்தது.

இரண்டாம் சுற்று. கண்டியதேவன் குதிரையை அவள் எட்டிப் பிடித்துவிட்டாள். கலிங்கு வந்தது, தாண்டினாள். காட்டுப் பாதை வந்தது. உடும்பனின் தலை அந்தப் பக்கம் திரும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். "போனான், போனான்" என்று ஒரு கிழவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவன் போகவில்லை. தலை மறுபடி முன்னால் திரும்பியது.

மூன்றாம் சுற்று. ஊர் முழுக்கக் காட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒருவன் பார்க்கவில்லை. அப்படி ஒரு பாதை இருப்பதே தென்னவராயனுக்கு மறந்து போயிருந்தது. முதுகு வில்லாய் வளைந்து விரிய, மண் தெறிக்க, காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறாளே, இவளா? என் கையில் கஞ்சி குடித்தவளா இவள்? என் தோளில் மூக்கைத் தேய்த்தவளா? கலிங்குக்கு மேலே அவள் மூன்றாம் முறை எழும்பியபோது, கோயிலில் திரை விலகியவுடன் கும்பிடுவோமே, அப்படி அவன் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. கண்ணீர் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

கண்டியதேவன் வந்து சேர்ந்தபோது சாமை நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆலங்கரை மடை திறந்தது. ஜனங்கள் வாய்க்காலில் இறங்கித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்கள்.

"ஏனடா ஓடவில்லை?" என்று ஒரு குடியானவன் உடும்பனிடம் கேட்டான்.

"பூட்டி வைத்ததைத் திருடத்தான் எனக்குத் தெரியும். கொடுத்ததை எப்படித் திருடுவது?" என்றான் அவன்.

ஜெயித்த வீரனின் பேரை முரசறைபவன் கூவவேண்டும். திருடன் பேரைக் கூவுவதா என்று அவன் விழித்தான். தென்னவராயனே முன்னால் வந்து, இரண்டு நாட்டுக்கும் கேட்க, "உடும்பன்" என்று கூவினான்.

உடும்பன் இறங்கி வந்து கடிவாளத்தைத் தலைவனிடம் நீட்டினான். தென்னவராயன் வாங்கவில்லை.

"அவள் கொஞ்சம் இளைப்பாறட்டும். பிறகு இன்னும் ஒரு சுற்றுப் போய் வருகிறாயா?"

"பந்தயந்தான் முடிந்துவிட்டதே ஐயா. இனி எதற்கு?"

"நான் பார்க்க வேண்டும்" என்றான் தென்னவராயன். "ஆறு வருஷம் அவள்மேல் உட்கார்ந்து அவள் காதை மட்டுந்தானப்பா பார்த்திருக்கிறேன்."

உயிராய் வளர்த்ததைப் பிறரை நம்பிக் கொடுக்கத் துணிந்தவனே, தான் வளர்த்தது எவ்வளவு பெரியது என்று தன் கண்ணால் காண்பான்.