வையாபுரியின் அகல டயர்

தாராபுரம் டயர் கடையில் பொன்னரசி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கல் உடைக்கும் கிரஷரின் முதலாளி வையாபுரி வந்து அவளிடம் கார் சாவியை நீட்டினார்.

"இருக்கறதுலயே அகலமான டயரா மாட்டு. கார் போனா ரோட்டுல என்ற தடம் பெருசா விழோணும். காரோட வந்த கம்பெனி ரிம்மைத் தொடாதே."

"அந்த டயருக்கு இந்த ரிம் பத்தாதுங்க."

"என்ற பதினெட்டு லாரிக்கும் இங்கதான் டயர் வாங்கறேன். உன்ற ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கு நீ வீட்டுல இருப்பே."

பொன்னரசி முன்சக்கரம் ஒன்றில் மட்டும் அகல டயரை மாட்டினாள். இரண்டு முன்சக்கரங்களுக்கும் எதிரே தரையில் சாக்பீஸ் பொடியைத் தூவி, காரை அதன் மேல் மெல்ல ஓட்டி நிறுத்தினாள். அளவு டேப்பை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே அளந்து பாருங்க."

வையாபுரி குனிந்து அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார். பழைய டயரின் தடம் ஆறு அங்குலம். புதியது ஐந்து.

"அதெப்படி புள்ள?"

"சின்ன ரிம் ரெண்டு ஓரத்தையும் உள்ளே இழுத்துருதுங்க. நடுவுல உப்புனது மட்டுந்தான் தரையைத் தொடுது. மீதி மூணையும் மாட்டட்டுங்களா?"

வையாபுரி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"பழசையே மாட்டிரு. ஓனர் கேட்டா, காத்துப் பிடிக்க வந்தேன்னு சொல்லு."