கன்று எடுக்கிற நாள்

ஆவுடையப்பன் பத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர். வந்து பதினோரு வருஷம் ஆகியும் பழைய பழக்கம் விடவில்லை. ஒரு வேலை முடிந்தால் "ரைட்" என்பார். முருங்கையைக் கழித்து முடித்தால் ஒரு ரைட். புடலைக்குக் குழி எடுத்து முடித்தால் இன்னொரு ரைட். மடத்துச் சாமிக்கு அதைக் கேட்காவிட்டால் வேலை நடந்த மாதிரியே இருக்காது.

சாமி அவரைவிட மூன்றே வயது இளையவர். அதனால் "என்ன வே" என்று சேக்காளியைப் போலத்தான் கூப்பிடுவார். ஆவுடையப்பன் மட்டும் மரியாதையை ஒரு நாளும் குறைத்ததில்லை.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாய்க்கால் ஓரம் இரண்டு ஓட்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒன்றரை ஏக்கர் தோட்டம், அவ்வளவுதான். சாமி எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அந்தத் தோட்டத்தில் வைத்துத்தான். ஞானம் வேண்டும் என்று வந்தவர்கள் பாதிப் பேர் மண்வெட்டியைப் பார்த்ததும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். நிலைத்தவர்கள் இரண்டே பேர், ஆவுடையப்பனும் தங்கப்பழமும். தங்கப்பழம் வந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னும் சோற்றைக் கரிய விடாமல் வடிக்கத் தெரியாது.

ஆனி பாதி கழிந்திருந்தது. மேற்கே சாரல் இறங்கி, காற்று எழும்பிக்கொண்டிருந்தது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆடி விதைப்புக்குள் பந்தலைப் புதுப்பிக்க வேண்டும், குழிகளில் எரு போட்டு ஆற வைக்க வேண்டும். மூச்சு விட நேரமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கருங்காட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மலையடி ஊர். அங்கே இருந்த மடம் இரண்டு வருஷமாக ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிறது, தோட்டம் காடாகிவிட்டது, யாரையாவது அனுப்ப வேண்டும் என்றார்கள். சாமி அவர்களுக்கு மோர் கொடுத்தார். யோசிக்கக்கூட இல்லை.

"ஆவுடையப்பன் வருவாரு. ஆடி பிறக்கதுக்கு முந்தி வந்துருவாரு" என்றார்.

ஆவுடையப்பன் மோர்ச் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. செம்பை மறுபடியும் கழுவினார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எல்லா வேலையும் நடந்தது. ரைட் மட்டும் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலையில் சாமி தாங்கித் தாங்கி நடந்து தோட்டத்துக்கு வந்தார். அவருக்கு முழங்கால் வலி. தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவது ஆவுடையப்பன்தான்.

"என்ன வே, ரைட்டக் காணும்?"

"வண்டி பிரேக் டவுன் சாமி."

"எங்க ரிப்பேரு?"

ஆவுடையப்பன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"நான் என்ன தப்பு பண்ணினேன் சாமி? தங்கப்பழம் சோத்தக் கரிக்கான். மண்வெட்டிய வாய்க்கால்ல விட்டுட்டு வாரான். அவன் இங்க இருக்கலாம். நான் போணும், அப்படித்தான?"

"ஆமா."

"ஒங்க காலுக்கு எண்ணெய் யாரு தேப்பா?"

"தங்கப்பழம் தேப்பான்."

"அவனுக்குச் சூடு தெரியாது சாமி. பொசுக்கிருவான்."

"பொறுத்துக்கிடுதேன்."

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. இந்த வயதில் அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது. "வேண்டாதவனத்தான் வெளிய அனுப்புவாக" என்றார்.

சாமி கிணற்றடிப் பக்கம் கை காட்டினார். "கடப்பாரைய எடும். இன்னிக்கு வாழைக்கன்னு எடுக்கணும்" என்றார்.

கிணற்றடிக் கதலி வாழை குலை தள்ளி நின்றது. அதைச் சுற்றி ஐந்து கன்றுகள்.

"ஒண்ணு தாயடியில நிக்கணும். ஒண்ணு நீரு கருங்காட்டுக்குக் கொண்டு போணும். மத்த மூணையும் அறுத்துரும். எதக் கொண்டு போறீரு?"

ஆவுடையப்பன் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கன்று ஈட்டி மாதிரி இலையோடு, அடி பருத்து நின்றது. இன்னொன்று மெலிந்தது.

"இந்த நோஞ்சானக் கொண்டு போறேன் சாமி. நல்லது இங்கயே நிக்கட்டும்."

"நோஞ்சான் தாய்ப் பக்கத்துல பொழச்சுக்கிடும். வேத்து மண்ணுல பொழைக்குமா?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து சாமியைப் பார்த்தார். தூரத்தில் அடுப்படியிலிருந்து கரிந்த வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் பருத்த கன்றின் பக்கம் போனார். கன்றை ஒட்டிக் கடப்பாரையை ஊன்றினார்.

"நில்லும். போன ஆனியில ஊருக்குள்ள கோமதியக்காளுக்கு ஏழு கன்னு எடுத்துக் குடுத்தீரே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் வரல சாமி. மண்ணு சரியில்லைன்னு அந்த அக்காகிட்ட சொன்னேன்."

"மண்ணு மேல பழியப் போட்டுட்டீரு. இப்பிடி ஒட்டிக் குத்துனா கன்னுல எங்க கெழங்கு இருக்கும்? நட்டா அழுகத்தான செய்யும்."

"தள்ளிக் குத்துனா தாய்க் கெழங்குல போய் விழுமே."

"விழட்டும்."

"தெரிஞ்சேதான் சாமி ஒட்டிக் குத்துவேன். அதுவே குலையத் தாங்கிக்கிட்டு நிக்கி. அதப் போயி எப்பிடிக் குத்த?"

"அதுல ஒரு துண்டு சேந்து வந்தாத்தான் கன்னு போற எடத்துல வேர் விடும். இன்னும் ஒரு சாண் தள்ளும்."

ஆவுடையப்பன் கடப்பாரையை ஒரு சாண் தள்ளி வைத்தார். ஓங்கினார். கை இறங்கவில்லை.

"தாய்க்கு வலிக்காதா சாமி?"

சாமி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் வலியில் அவர் முகம் சுளித்து ஆவுடையப்பன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். கண் கலங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வலிக்குது வே" என்றார் சாமி. "நீரு குத்தும்."